மேக்பெத் தம்பதி: விரிசல் விழுறது எந்தக் காட்சியில?

வணக்கம். இன்னைக்கு ஷேக்ஸ்பியரோட மேக்பெத். கதை தெரிஞ்சதுதான்: ஸ்காட்லாந்துத் தளபதி ஒருத்தன், நீ ராஜா ஆவேன்னு சூனியக்காரிங்க சொன்ன வாக்கு, வீட்டுக்கு விருந்தாளியா வந்த ராஜா டங்கனோட கொலை. நான் பேசப்போறது அந்தப் புருஷன் பொண்டாட்டியைப் பத்தி மட்டும்.

லேடி மேக்பெத்தை முதல் வரியிலிருந்தே ராட்சசியா நடிச்சா, கடைசி அங்கத்துல அவ தூக்கத்துல நடக்குறது ஒட்டவே ஒட்டாது. அவ ஆவிகளைக் கூப்பிட்டு, என் இரக்கத்தை அடைச்சிடுங்கன்னு கேக்குறா. இரக்கமே இல்லாதவ எதுக்கு அதைக் கேக்கணும்? கொலை ராத்திரி தைரியத்துக்குக் குடிச்சிருக்கா. தூங்குற டங்கன் என் அப்பா ஜாடையில இல்லைன்னா நானே முடிச்சிருப்பேன்னு சொல்றா. தயவுசெஞ்சு இந்த வரியை வேகமாத் தாண்டாதீங்க. பின்னாடி அவ உடையுறதுக்கான விதை இங்கதான் இருக்கு.

2-வது அங்கம், 2-வது காட்சியை மெதுவாப் படிங்க. கொலை மேடையில நடக்காது. மேக்பெத் கொன்னுட்டு வெளிய வந்த பிறகு ரெண்டு பேரும் பேசுறது ஒத்தை ஒத்தை வார்த்தையா இருக்கும்: பேசினியா, எப்போ, இப்போ, நான் இறங்கும்போதா, ஆமா. நடிக்கிறவங்க இதுக்கு நடுவுல பெரிய இடைவெளி விட்டாக் காட்சி செத்துடும், மூச்சு முட்டுற வேகத்துல போகணும். டங்கனோட காவலாளிங்களைக் குடிக்கவெச்சு, கத்தியை அவங்க பக்கத்துல போட்டு, ரத்தத்தைப் பூசுறதுதான் திட்டம். அவன் கத்திகளைக் கையிலயே தூக்கிட்டு வந்துடுறான், திரும்பப் போகவும் மாட்டேங்குறான். அவதான் கொண்டுபோய் வெக்கிறா. இப்ப ரெண்டு பேர் கையும் சிவப்பு. அவன் கடலே போதாதுங்குறான், அவ கொஞ்சம் தண்ணி போதும்ங்குறா. இந்த இடத்துலதான் ரெண்டு பேரும் ஒரே குத்தத்துல, ஒரே அறையில, முழுசாச் சேர்ந்து இருக்காங்க.

அடுத்த காட்சியிலயே அவன் அந்தக் காவலாளிங்களை வெட்டிடுறான். திட்டத்துல இல்லாதது, அவளைக் கேக்கவும் இல்ல. அதுக்கு அவன் காரணம் சொல்லும்போதுதான் அவ மயங்கி விழுறா. நிஜ மயக்கமா நடிப்பான்னு நாடகம் சொல்லாது. எனக்கு நிஜம்னுதான் தோணுது, ஏன்னா கணக்கு தன் கையை விட்டுப் போறது அவளுக்கு அப்பதான் தெரியுது.

விரிசல் வெளிப்படையா 3-வது அங்கம் 2-வது காட்சியில. இப்ப மேக்பெத்தான் ராஜா. ராஜா கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னு வேலைக்காரன் மூலமா அவ சொல்லி அனுப்புறா. சொந்தப் புருஷன் கிட்ட! முதல் அங்கத்துல சூனியக்காரிங்க சொன்னதை உடனே கடிதமா எழுதி அனுப்பி, பெருமையில உனக்கும் பங்குன்னு சொன்னவன் இவன். இப்ப கூட இருந்த தளபதி பேங்க்வோவைக் கொல்ல ஆளை ஏற்பாடு பண்ணிட்டான். என்ன செய்யப்போறன்னு அவ கேட்டா, உனக்குத் தெரிய வேணாம் கண்ணேன்னு கொஞ்சுறான். மனசு முழுக்கத் தேள்னு சொல்றான், அதுல எந்தத் தேள் எதுக்குன்னு சொல்லல. பாசம் இருக்கு, பங்கு போச்சு.

விருந்துல பேங்க்வோவோட ஆவி வந்ததும், பழைய பழக்கத்துல அவளே சமாளிக்கிறா. ஆனா விருந்தாளிங்க போன பிறகு திட்டல, தூங்குங்கன்னு மட்டும் சொல்றா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே மேடையில வரவே மாட்டாங்க. 4-வது அங்கத்துல, தன்னை எதிர்க்கிற பிரபு மெக்டஃபோட மனைவி மக்களை அவன் கொல்லச் சொல்லும்போது அவ பக்கத்துல இல்ல.

5-வது அங்கத்துல பாருங்க. கடிதம் வாசிச்சதைத் தவிர எப்பவும் செய்யுள்ல பேசினவ, இப்ப உதிரி உரைநடையில பேசுறா. பக்கத்துல எப்பவும் விளக்கு எரியணும். கால் மணி நேரம் கையைத் தேய்க்கிறதை நான் பாத்திருக்கேன்னு தோழி சொல்றா. டங்கன் ரத்தம், மெக்டஃப் மனைவி, பேங்க்வோ எல்லாம் வரிசை இல்லாம வந்து விழுது. அவன் செஞ்ச கொலையும் சேர்த்து இவ கையில. அவன் பக்கமோ, பயத்தோட ருசியே மறந்துபோச்சுங்குறான். ஆரம்பத்துல ஒரு கத்தியைக் கற்பனையில பாத்தே நடுங்கினவன் அவன்.

அவ செத்த சேதிக்கு அவன் சொல்ற வரி ரெண்டு விதமாப் படிக்கலாம்: எப்படியும் ஒருநாள் செத்திருப்பா, இல்லைன்னா, துக்கப்பட நேரம் இருக்கிற நாள்ல செத்திருக்கலாம். ஒத்திகையிலயே ஒண்ணை முடிவு பண்ணிடுங்க. முதலாவதை எடுத்தா, அடுத்து வர்ற நாளை, நாளை, நாளைங்கிற பேச்சு வறண்டு வரணும். ரெண்டாவதை எடுத்தா அதுல அவளுக்கான அழுகை அடைச்சிக்கிட்டு நிக்கணும்.