ஆடிப்பட்டத்தில் விதைத்த எழுத்து

(மன்னார்குடி அருகே நடந்த வாசகர் விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, நடவு ஆட்களை வயலில் விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஏழாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தொலைக்காட்சித் தொடருக்கு எழுதத் தொடங்கித் தயாரிப்பாளராவது எப்படி என்று பேசப் பணித்தார்கள். எழுத்து, தயாரிப்பு என இரண்டையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: ஆடிப்பட்டம் தேடி விதை.

நன்னிலம் பக்கம் நல்லமாங்குடியில் பிறந்த கே. பாலசந்தர் முதலில் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியர். பிறகு சென்னையில் கணக்காயர் அலுவலக வேலை, அதோடு நாடகம். அந்த நாடக மேடைதான் அவருக்கு ஆடிப்பட்டம். சினிமாவில் கொடிகட்டிப் பறந்தபின் தொலைக்காட்சிக்கு வந்து ‘ரயில் சிநேகம்’ தந்தார். மின்பிம்பங்கள் நிறுவனத்தின் வழியே பிறர் இயக்கிய ‘மர்மதேசம்’ போன்ற தொடர்களையும் தயாரித்தார்.

நான் வசன உதவியாளனாகச் சேர்ந்த புதிது. அண்ணன் நிலத்தை விற்றது தங்கைக்குத் தெரியவரும் காட்சி. மூன்று பக்கம் அழுகையும் சாபமுமாக எழுதிக் கொண்டுபோனேன். இயக்குநர் படித்துவிட்டு, “உங்கள் வீட்டில் இப்படியா பேசுவார்கள்?” என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அப்பா எங்கள் மூன்று மா நிலத்தை விற்ற நாள் நினைவுக்கு வந்தது. அம்மா ஒரு சொல் பேசவில்லை. குதிரில் மிஞ்சிய நெல்லை அள்ளி மரக்காலில் அளந்தாள். களத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்போமா? ‘லாபம்’ என்போம். அம்மாவும் ‘லாபம்’ என்றாள். அடுத்து ‘இரண்டு’ வரவில்லை. மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அதை அப்படியே எழுதினேன். வசனம் ஒரே சொல். படமாக்கிய அன்று விளக்குப் பிடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தயாரிப்பு என்பது கணக்கு. அரைமணி நேரத்தில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம்தான் கதைக்கு. ஒரு நாள் மழையில் படப்பிடிப்பு நின்றாலும் சம்பளமும் வாடகையும் நிற்காது. எழுதத் தெரிந்தவர் தயாரிப்பாளரானால், ஒரே வீட்டுக்குள் நான்கு நாள் கதையை நகர்த்தி அந்த நட்டத்தைத் தாங்குவார்.

முடிக்குமுன் இதைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் மௌனத்தை எழுதலாம் என்ற துணிவை எனக்குக் கொடுத்தது எங்கள் ஊர்ப்புற நூலகம். இன்று அங்கே போனேன், கதவு பூட்டியிருந்தது. நெஞ்சு பொறுக்கவில்லை ஐயா! நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் இதே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்டது. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் கட்டுகிறோம். மாலை ஆறு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்க வேண்டாமா? பத்து வயதுதான் வாசிப்புக்குப் பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். விதைநெல்லைப் பூட்டி வைத்தால் எதை விதைப்பது?

தலைவர் அம்மா அவர்களே, மாலை நேரத்தில் நூலகத்தைத் திறக்கக் கோரும் மனு இந்த மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். பேனா இதோ.