மலாக்கா: பாலத்திற்கு அந்தக் கரை

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம். நாம் போகவிருக்கும் மலாக்கா ஒருநாள் சுற்றுலாவுக்கு முன்னுரையாகச் சில செய்திகளைச் சொல்லும்படி செயலாளர் பணித்திருக்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையை அடைந்துவிடலாம். ஆனால், நம்மவர்களில் பலர் 1753ஆம் ஆண்டின் சிவப்புத் தேவாலயத்துக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, போர்த்துகீசியக் கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாயிலைப் பார்த்து, ஒரு கிண்ணம் செண்டோலோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். தமிழர்களாகிய நம் கதை பெரும்பாலும் ஆற்றின் எதிர்க்கரையில்தான் கிடக்கிறது. பாலத்தைக் கடக்காமல் திரும்புகிறவர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்.

சுல்தான்கள் காலத்தில் அரண்மனை தென்கரைக் குன்றையொட்டி இருந்தது. பிற நாட்டு வணிகர் பலரும் உப்பே எனப்பட்ட வடகரையில் குடியிருந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்தவர்கள், காற்றுத் திசை மாறும்வரை காத்திருந்து, நறுமணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வந்திறங்கும் வணிகர்களைக் கவனிக்க, அவரவர் நாட்டை அடிப்படையாகக் கொண்டு ஷாபண்டார்கள் எனப்பட்ட நான்கு துறைமுக அதிகாரிகள் நியமிக்கப்பட்டிருந்தனர். இரு கரைகளையும் இணைத்த பாலம் எத்தனை முக்கியமானது என்பதைப் போர்த்துகீசியப் படைத் தலைவர் அல்புகெர்க் நன்கு அறிந்திருந்தார். 1511இல் அவருடைய படை குறிவைத்துத் தாக்கியது அந்தப் பாலத்தைத்தான். அதைக் கைப்பற்றினால் நகரம் இரண்டாகப் பிளந்துவிடும்.

அந்தப் போரில் நம்மவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டால், ஒரே பதில் கிடைக்காது. சுல்தானின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக இருந்து 1510இல் கொல்லப்பட்ட துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். சிறைப்பட்ட போர்த்துகீசியர்களுக்கு உதவி, வெற்றிக்குப் பின் அவர்களிடமே பெண்டஹாரா பதவியைப் பெற்ற நைனா சாத்து ஓர் இந்து வணிகர். மேடைகளில் இவரைப் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உற்சாகம் வருவதில்லை. வணிகக் கணக்கை வீரமாக்கிப் பேச வேண்டியதில்லை.

பாலத்தைக் கடந்தால் ஜாலான் துக்காங் எமாஸ் தெரு சற்றுத் தொலைவில்தான். டச்சுக்காரர்கள் மலாக்காவின் செட்டி சமூகத்திற்கு அளித்த நிலத்தில் 1781இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அங்கே இருக்கிறது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் இந்துக் கோயில்களுள் மிகப் பழமையானதாக அதைக் குறிப்பிடுகிறார்கள். அதே தெருவில் 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், தொடரும் தெருவில் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். நடை சாத்துமுன் விநாயகரை வணங்கிவிட வேண்டுமென்றால் ஆற்றுப் படகுச் சவாரியைப் பிற்பகலுக்குத் தள்ளிவையுங்கள்.

மாலையில் நேரமிருந்தால் காஜா பேராங் பகுதியிலுள்ள செட்டிக் கிராமத்திற்கும் செல்வோம். உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றிய பழைய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழும் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய். பெண்களின் மரபுடை கெபாயா எனும் மலாய் மேலுடை. ஆனாலும் சைவ வழிபாட்டை விடவில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் முன்னோருக்குப் படையலிட்டுப் 'பார்ச்சு' செய்கிறார்கள். அவர்களைக் கண்டதும் "தமிழ் தெரியாதா?" என்று அனுதாபத்தோடு கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். படையலில் எந்தப் பண்டம் எந்த வரிசையில் வைக்கப்படுகிறது என்று கேளுங்கள், மலாயிலேயே கேளுங்கள்.