சுருளில் மிஞ்சிய பிலிம்

நேயர்களுக்கு வணக்கம். பிலிம் சுருள் போட்டுப் படம் எடுத்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வந்தவர் நாளைக்கே படம் வேண்டும் என்பார். சுருளிலோ இன்னும் சில படங்களுக்கு இடமிருக்கும். அப்படியே கழுவினால் மிச்சம் வீண்தான். 1970களில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பங்கீயில், ஒரு சிறுவன் அந்த மிச்சத்தில் தன்னையே படம் எடுத்துக்கொண்டான். பெயர் சாமுவேல் ஃபோஸோ.

1962இல் கேமரூனில் பிறந்தவர். நைஜீரியாவின் இக்போ இனக் குடும்பம். பிறவியிலேயே வாதம். குழந்தைக்குச் சில மாதம் ஆனதும் ஸ்டுடியோவில் படம் எடுத்து வைப்பது அங்கே வழக்கமாம், இவருக்கு எடுக்கவில்லை. வைத்தியம் பார்த்துத் தேற்றியவர் தாத்தா. சிறுவயதிலேயே தாயை இழந்தார். அப்புறம் பியாஃப்ரா போர், நைஜீரியாவின் உள்நாட்டுப் போர். அது ஓய்ந்தபின் பங்கீயில் இருந்த உறவினரிடம் போய்ச் சேர்ந்தார். தொழிலைச் சில மாதம் பழகி, 1975இல், 13 வயதில், சொந்த ஸ்டுடியோவே திறந்துவிட்டார்.

பகலெல்லாம் ஊராரின் முகங்கள். கடை சாத்தியபின் தன் முறை. பெல்பாட்டம், குதி உயர்ந்த காலணி, கறுப்புக் கண்ணாடி. பின்னால் திரைச்சீலை, பக்கத்தில் ஸ்டுடியோ விளக்குகளும் மறைக்கப்படாமல் படத்திலேயே தெரியும். இடுப்பில் கைவைத்து அந்தப் பையன் நிற்பதைப் பாருங்கள். எடுத்த படங்களை நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். பேரன் உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று பாட்டிக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். கைக்குழந்தையாக ஒரு படம்கூட இல்லாத பிள்ளை தன்னைத் தானே எடுத்து அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு கனக்கிறது.

2008இல் 'ஆப்பிரிக்க ஆன்மாக்கள்' என்று ஒரு வரிசை எடுத்தார். அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காக நின்ற மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், ஏஞ்சலா டேவிஸ், தென்னாப்பிரிக்காவின் மண்டேலா, கானாவின் என்க்ருமா என்று ஒவ்வொருவராகவும் அவரே நிற்கிறார். உடம்பில் அம்புகள் தைத்த குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் அவர்தான். கடலுக்கு அந்தப் பக்கம் அடிமையாக ஏற்றிப்போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும், இந்தப் பக்கம் விடுதலைக்குப் போராடியவர்களும் ஒரே உடம்புக்குள் வந்து போகிறார்கள். இதை மாறுவேடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏஞ்சலா டேவிஸின் சுருள்முடிக்குக் கீழே அந்தக் கண்களைப் பாருங்கள். பாட்டிக்குப் படம் அனுப்பிய பையனின் கண்கள் அவை.

2014இல் பங்கீயில் கலவரம். அவர் ஊரில் இல்லாத நேரம் வீடு சூறையாடப்பட்டது. எத்தனையோ வருட நெகட்டிவ்கள் தெருமண்ணில் கிடந்தன. செய்தி சேகரிக்க வந்திருந்த புகைப்படக்காரர்கள் சிலர் அவற்றை அடையாளம் கண்டு, குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள்.