தோட்டத்து அம்மன் திருவிழா: காப்புக் கட்டு முதல் மஞ்சள் நீராட்டு வரை

[காட்சி: செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகள். நடுவே ஒரு சிறிய கோபுரம்.]

வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் ஆற்றோரம் இருக்கும் இந்த ஊருக்கு அரசாங்கப் பெயர் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களைக் கேட்டால் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். இந்த வட்டாரத்தில் செம்பனைக்குள் போகும் மண்பாதையில் திடீரென்று ஒரு மாரியம்மன் கோயில் எதிர்ப்படும். சுற்றிலும் வீடு இருக்காது. ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், அதாவது வரிசை வீடுகள், இருந்த இடம் அது.

அந்தத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள், அதாவது தொழிலாளர்களை மேய்த்த மேற்பார்வையாளர்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டில் தங்கள் சொந்த வட்டாரத்துக்கே போனார்கள். உறவுக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று ஒன்றாகக் கப்பலேறியவர்கள் தங்கள் ஊர்ச் சடங்கையும் கையோடு கொண்டுவந்தார்கள். இந்திய அரசு 1938-இல் இந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. அதற்குள் அம்மன் இங்கே குடியேறிவிட்டாள்.

திருவிழா காப்புக் கட்டில் தொடங்குகிறது. மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து அம்மனுக்கும், பூசாரிக்கும், நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கும் கட்டுவார்கள். கட்டிய பிறகு சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை. ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது என்பது பழைய விதி. தோட்டத்தில் அது யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், ரப்பர் மரங்கள் நிற்கும் பால்மரக் காடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன. இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் இருக்கிறார்கள். ஆகவே பூசாரியும் கரகம் எடுப்பவரும் கோயிலிலேயே தங்க, மற்றவர்கள் வீட்டில் விரதம் இருப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறவரிடம் எல்லை தாண்டித் தங்காதே என்றால், அவர் காப்பே கட்டிக்கொள்ள மாட்டார்.

நல்ல நேரமும் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் அமைகிறது! பஞ்சாங்கத்துக்கும் விடுமுறை தெரிந்திருக்கிறது.

[காட்சி: ஆற்றங்கரை. வேப்பிலை, பூச்சரம், செம்பு.]

அடுத்தது கரகம். நீர்நிலைக்குப் போய், செம்பில் நீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் சுற்றி உயரமாக ஜோடிப்பார்கள். அம்மன் அந்த நீரில் இறங்குவதாக நம்பிக்கை. அதனால் கோயில் சேரும்வரை கரகத்தைக் கீழே வைப்பதில்லை. வழியில் வீட்டுக்கு வீடு குடத்துத் தண்ணீரைக் கரகம் சுமப்பவரின் காலில் ஊற்றி, தீபாராதனை காட்டுவார்கள். வீடுகளே இல்லாத தோட்டத்தில் என்ன செய்வது? திரும்பி வந்த குடும்பங்கள் பாதையோரம் ஒரு மேசையைப் போட்டு, குடமும் தட்டுமாகக் காத்திருக்கின்றன. உருமி மேளம் கூடவே வரும். உருமிக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை என்பது என் கட்சி, இளைஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

பிறகு தீமிதி. காலையிலேயே கட்டைகளை அடுக்கி எரித்து, மாலைக்குள் தணலாக்கிப் பரப்பிவிடுவார்கள். முடிவில் கால் நனைக்கப் பால் ஊற்றிய பால்குழி. கால் ஏன் வெந்துபோவதில்லை? தணல் பல நூறு டிகிரி சூட்டில் இருந்தாலும் கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படியும் சாம்பல் இன்னும் தடுக்கும். ஒவ்வோர் அடியும் தணலில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. ஓடினால் பாதம் உள்ளே புதையும், தயங்கி நின்றால் சுடும்; நிதானமாக, நிற்காமல் நடக்க வேண்டும். இறங்கியவரைக் கேட்டால் அம்மா பார்த்துக்கொண்டாள் என்பார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று இயற்பியல் சொல்லவில்லை. ஆகவே நான் வாதிடுவதில்லை. கொப்புளம் வாங்குகிறவர்களும் உண்டு. விரதம் இல்லாமல் வேடிக்கைக்கு இறங்காதீர்கள்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு, காப்பு அவிழ்ப்பு. சில கோயில்களில் கூழும் ஊற்றுவார்கள்.

பார்க்கப் போகிறீர்களா? அறிவிப்பில் போட்ட நேரத்துக்குத் தீமிதி தொடங்குவது அபூர்வம். மதியமே போய் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுக் கரகத்தோடு நடந்து வாருங்கள். குண்டத்தருகே காற்று புகையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக நில்லுங்கள். புகை உங்கள் மேல் வராது.