தீயணைப்பு நிலையத்தையும் பார்க்கப் போகிற ஊர்

எல்லோருக்கும் வணக்கம்.

கொலம்பஸ் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஒஹாயோ நினைவுக்கு வந்திருக்கும். நான் பேச வந்தது இந்தியானாவில் இருக்கும் கொலம்பஸைப் பற்றி. இண்டியானாபொலிஸிலிருந்து ஐ-65 சாலையில் தெற்கே ஒரு மணி நேரப் பயணம். மக்கள்தொகை சுமார் 50,000. மலையோ கடலோ கிடையாது. ஊரைச் சுற்றிச் சோளமும் சோயாவும்தான். கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியின் தலைமையகம் அங்கே இருப்பதால் நம் நாட்டு எஞ்சினியர்கள் நிறையப் பேர் அந்த ஊரில் குடியிருக்கிறார்கள். வந்து இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே பார்க்க என்னங்க இருக்கு?"

பள்ளிக்கூடம், வங்கி, நூலகம், தீயணைப்பு நிலையம் இருக்கின்றன. அவற்றைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் 1991இல் புதுமையான கட்டடக்கலைக்காக இந்த ஊருக்கு நாட்டிலேயே ஆறாவது இடம் கொடுத்தது. சிகாகோ, நியூயார்க் போன்ற பெருநகரங்களின் வரிசையில் இந்தச் சின்ன ஊர்!

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரில் குழந்தைகள் பெருகினார்கள், பள்ளிகள் போதவில்லை. அப்போது கம்மின்ஸை நடத்தியவர் ஜே. இர்வின் மில்லர். அவர் ஊருக்கு ஒரு யோசனை சொன்னார். நல்ல ஆர்க்கிடெக்டுகளின் பட்டியலைக் கம்மின்ஸ் அறக்கட்டளை தரும். அதிலிருந்து ஒருவரைப் பள்ளி வாரியமே தேர்ந்தெடுக்கட்டும். வரைபடக் கூலி முழுவதும் அறக்கட்டளையின் பொறுப்பு, கட்டும் செலவு ஊருடையது. ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப் பள்ளி 1957இல் முதலில் எழுந்தது. அப்புறம் மற்றப் பள்ளிகள், தீயணைப்பு நிலையங்கள் என்று திட்டம் விரிந்தது. நல்ல எஞ்சினியர்கள் குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும் என்ற கம்பெனியின் தேவையும் இதில் இருந்தது, உண்மைதான். ஆனால் பணம் கொடுத்தவர் தன் பெயரைப் பொறித்து ஒரு நினைவு மண்டபம் கட்டிக்கொண்டு போகாமல், ஏழைப் பிள்ளையும் படிக்கும் வகுப்பறைக்குச் செலவழித்தார் பாருங்கள், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தைப் பாருங்கள். ராபர்ட் வெஞ்சுரி வடிவமைத்தது. நடுவில் நிற்கும் கோபுரம் அலங்காரத்துக்கு அல்ல, நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்துவதற்கு. வங்கி என்றால் கல்தூணும் கம்பிக்கூண்டும் என்றிருந்த காலத்தில், 1954இல், ஈரோ சாரினென் கண்ணாடிச் சுவர்களோடு ஒரு வங்கியைக் கட்டினார். தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியும். காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே கூண்டு கிடையாது. இப்போது அது கம்மின்ஸின் கூட்ட அரங்கம்.

ஈரோவின் தந்தை ஈலியல் கட்டிய ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச் 1942இலேயே வந்துவிட்டது. எதிரே ஐ.எம். பெய் கட்டிய நூலகம். அதன் முற்றத்தில் சிற்பி ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு. குழந்தைகள் அதற்குள் புகுந்து ஓடலாம். நூலகத்துக்குள் போய் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து படியுங்கள். வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால் இந்த ஊரைப் பார்த்ததாகவே ஆகாது. இவை பயன்படுத்தினால்தான் உயிரோடு இருக்கும் இடங்கள். மகன் ஈரோ வடிவமைத்த நார்த் கிறிஸ்டியன் சர்ச், 192 அடி ஊசிக்கோபுரத்தோடு, அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து 1964இல் முடிந்தது. ஆள் குறைந்துபோய் 2022இல் அந்தச் சபையே கலைந்துவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம்.

நீதிமன்றத்தின் பக்கத்தில் போர்வீரர் நினைவிடம் இருக்கிறது. 40 அடி உயரத்தில் 25 சுண்ணாம்புக்கல் தூண்கள். போரில் மாண்ட உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயர்களோடு, அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தூண்களுக்கு நடுவே நடந்தபடியே அவற்றைப் படிக்கலாம். அங்கே அவசரப்படாதீர்கள்.

மில்லர் குடும்பம் வாழ்ந்த வீட்டையும் ஈரோதான் கட்டினார், தோட்டம் டான் கைலி போட்டது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்கூட்டியே சீட்டு வாங்கிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டினால் ஊர் நடுவில் 'தி காமன்ஸ்' கட்டடத்துக்குக் கூட்டிப் போங்கள். ழான் டிங்குலி செய்த பிரம்மாண்டமான இயந்திரச் சிற்பத்தில் பந்துகள் உருண்டோடும், பக்கத்திலேயே விளையாட்டிடமும் உண்டு. இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்கா. அக்டோபர் வார இறுதிகளில் கூட்டம் தாங்காது, முடிந்தால் வாரநாளில் போங்கள். நன்றி, வணக்கம்.