கடோலினியம்: வெதுவெதுப்பில் காந்தத்தை விட்டுவிடும் உலோகம்

[காட்சி: பனிக்கட்டி நீரில் ஊறும் உலோகத் துண்டு]

பனிக்கட்டி மிதக்கும் நீரிலிருந்து எடுத்த இந்த வெள்ளி நிறத் துண்டை, இரும்பைப் பற்றுவதுபோலவே காந்தம் பற்றிக்கொள்கிறது. காந்தத்தோடு சேர்த்து வெதுவெதுப்பான நீரில் இறக்கினால், சற்று நேரத்தில் பிடி தளர்ந்து துண்டு கிண்ணத்தின் அடியில் விழுகிறது. இதுதான் அணு எண் 64 கொண்ட கடோலினியம் என்னும் அருமண் உலோகம். இரும்பு தன் காந்த ஈர்ப்பை இழக்க 770 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். கடோலினியத்துக்கோ ஏறத்தாழ 20 டிகிரியே போதும்.

[காட்சி: அணுவின் எலக்ட்ரான் கூடுகள்]

இந்த அணுவின் உட்கூடு ஒன்றில் ஏழு எலக்ட்ரான்கள் இணையின்றி, ஒரே திசைச் சுழற்சியுடன் இருப்பதால் அதன் காந்தத் திருப்புத்திறன், அதாவது சிறு காந்தமாகச் செயல்படும் ஆற்றல், மிக வலுவானது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் நரம்பில் செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்து வேலை செய்வதும் இதனால்தான்: கடோலினியம் அயனி தன்னை நெருங்கும் நீர் மூலக்கூறுகளில், ஸ்கேனர் நிலைமாற்றிய புரோட்டான்களை விரைவாகப் பழைய நிலைக்குத் திருப்புவதால், மருந்து தேங்கும் திசு படத்தில் வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் கால்சியம் அயனியை ஒத்த அளவுடைய இந்த அயனி, தனியாக உடலில் உலவினால் நஞ்சு. எனவே அதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் இறுகப் பூட்டியே தருகிறார்கள். 1988இல் பயன்பாட்டுக்கு வந்த இவ்வகை மருந்துகளுக்கும், சிறுநீரகம் செயலிழந்தோரின் தோலும் திசுக்களும் இறுகிப்போகும் ஒரு நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. பூட்டு நெகிழ்ந்ததே காரணம் என்று கருதப்படுவதால், அயனியை வளையம்போல் சூழ்ந்து பிடிக்கும் மூலக்கூறுகளுக்கே இன்று முன்னுரிமை. ஊசி போடுமுன் சிறுநீரகத்தைப் பற்றி விசாரிப்பது வெறும் சடங்கன்று.

[காட்சி: காந்தப்புலத்துக்குள் நுழைந்து வெளியேறும் தகடு]

காந்தப்புலத்துக்குள் நுழையும்போது சூடேறி, வெளியேறும்போது குளிரும் இயல்பும் இதற்குண்டு. கடோலினியம் சல்பேட்டின் இதே இயல்பைக் கொண்டு 1933இல் ஜியோக், மெக்டூகல் என்னும் விஞ்ஞானிகள் 0.25 கெல்வின் வரை, அதாவது தனிச்சுழி வெப்பநிலைக்குக் கால் டிகிரி மேலே வரை, குளிர்வித்தனர்.

[காட்சி: அணு உலை, பின்னர் நிலத்தடி நீர்த்தொட்டி]

கடோலினியத்தின் இன்னொரு இயல்பான நியூட்ரானை விழுங்கும் திறன் எலக்ட்ரான்களைச் சார்ந்ததன்று, அணுக்கருவைச் சார்ந்தது. நிலையான ஐசோடோப்புகளில் கடோலினியம்-157ஐ இதில் விஞ்ச வேறெதுவும் இல்லை. அணு உலையின் புது எரிபொருள் தொடக்கத்தில் மிகையாக வினைபுரியாமல் தடுக்க இதன் ஆக்சைடைக் கலக்கிறார்கள். எரிபொருள் தீரத்தீர இதுவும் தீர்ந்துவிடும். நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைக் கண்டறியும் ஜப்பானின் நிலத்தடி ஆய்வகமான சூப்பர் காமியோகாண்டேயில், 50,000 டன் தூய நீரில் 2020இல் சுமார் 13 டன் கடோலினியம் சல்பேட் கரைக்கப்பட்டது. நியூட்ரினோவின் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ நீரில் மோதும்போது பிறக்கும் நியூட்ரானை இது பிடித்துக் காமா கதிர்களை உமிழ்வதால், அந்த மோதலைப் பிற நிகழ்வுகளிலிருந்து பிரித்தறிய முடிகிறது.