ஒரே பாயில் இரண்டு அணி

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். விசில் ஊதியே பழகிவிட்டதால் மைக் முன்னால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன். ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒரு கிரிக்கெட் அணி வருகிறது என்றால் முதலில் என்ன கேட்போம்? யார் வாங்கினார்கள், எத்தனை கோடி, கேப்டன் யார். சட்டை என்ன நிறம் என்று என் பேத்தி கேட்பாள். நான் கேட்பது ஒன்றுதான்: கிரவுண்ட் யாருக்கு, எத்தனை மணிக்கு? இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கரும்பலகை இல்லாத இடத்தில் வேறு வழி இல்லை.

சென்னையில் இருக்கிற சன் குழுமம் இங்கிலாந்தில் ஒரு அணியை முழுதாக வாங்கியது பலருக்கும் தெரிந்திருக்கும். லீட்ஸ் நகரத்து அணி. விலை சுமார் 10 கோடி பவுண்டு. நார்தர்ன் சூப்பர்சார்ஜர்ஸ் என்று இருந்தது, இப்போது சன்ரைசர்ஸ் லீட்ஸ். ‘தி ஹண்ட்ரட்’ என்ற போட்டியில் ஆடுகிற அணி. ஒரு பக்கத்துக்கு 100 பந்து. அங்கே ஓவர் கணக்கே வேறு, அதை விளக்கப்போனால் படம் வரைய வேண்டும், விடுங்கள். எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஆண்கள் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று, இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சட்டை. அதற்கும் மேலே, ஒரே மைதானம், ஒரே நாள், ஒரே டிக்கெட்.

இது ஏதோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது என்று நினைக்காதீர்கள். முதலில் போட்ட திட்டத்தில் பெண்களுக்குச் சின்னச் சின்ன மைதானங்கள்தான். 2020-ல் நடக்க வேண்டிய போட்டி கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்தக் கெடுபிடியில் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் ஆடவைப்பதுதான் வசதி என்று ஆயிற்று. 2021 ஜூலை 21, லண்டன் ஓவல் மைதானம், போட்டியின் முதல் பந்தே பெண்கள் வீசியது. கூட்டம் வந்தது. வந்த கூட்டம் உட்கார்ந்து பார்த்தது. கொரோனா செய்த ஒரே நல்ல காரியம் என்று நான் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள்.

சரி, கிரவுண்ட் கிரவுண்ட் என்று இந்த டீச்சர் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

2004 என்று ஞாபகம். பெண்கள் கிரிக்கெட் அப்போது இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கைக்கே வரவில்லை, 2006-ல்தான் வந்தது. பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. யார் நடத்தியது, எந்த மைதானம் என்பதெல்லாம் வேண்டாம். காலையில் பையன்களுக்கு, மத்தியானம் இரண்டு மணிக்கு எங்களுக்கு. பதினான்கு பிள்ளைகளையும் ஒரு வேனில் ஏற்றி, மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்மந்தியும் கட்டிக்கொண்டு போனேன்.

பையன்கள் ஆட்டம் முடியவில்லை. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. நாலரைக்கு முடிந்தது. பிறகு பரிசளிப்பு, சால்வை, பேச்சு. எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் கால்பேடு கட்டி வேப்பமரத்தடியில் மத்தியானத்திலிருந்து இருக்கிறார்கள். ஐந்தே காலுக்கு நான் திரும்பிப் பார்த்தால் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

பாய் என்றால் தெரியுமல்லவா? டெலிவிஷனில் பார்க்கிற புல்தரை நாங்கள் ஆடிய இடங்களில் கிடையாது. கயிற்றுப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அறைந்து, அதன்மேல்தான் ஆட்டம். நான் ஓடிப்போய், “அண்ணே, எங்க பிள்ளையள் இன்னும் ஆடல்லியே” என்றேன். அவர் பாவம், கூலிக்கு வந்தவர். “எனக்கு அஞ்சு மணி வரைதான் டீச்சரே சொன்னாவ” என்றார். அவர் பிடுங்கிப் போட்ட ஆணிகள் ஒரு பெயின்ட் டப்பாவில் கிடந்தன. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் என்ன செய்தார்கள்? டாஸ் போட்டு முடிவு சொன்னார்கள். காசைச் சுண்டினார்கள், நாங்கள் ஜெயித்தோம். கோப்பையும் கொடுத்தார்கள். ஜெயித்த பிள்ளைகள் அழ, தோற்ற பிள்ளைகள் வந்து சமாதானம் சொன்ன ஆட்டம் அது ஒன்றுதான் நான் பார்த்தது.

பேடு கட்டியவர்களில் ஒருத்தி குலசேகரம் பக்கம், பால்வெட்டுத் தொழிலாளி மகள். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கிற ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்து உருட்டிச் செய்த பந்தில் ஆடிப் பழகியவள். அந்தப் பந்து எப்படித் துள்ளும் என்று மலையோரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதை அடிக்கத் தெரிந்தவளுக்கு மற்றப் பந்தெல்லாம் சும்மா. வேனில் ஏறியும் அவள் பேடைக் கழற்றவில்லை. தக்கலை தாண்டியும் கழற்றவில்லை. “ஒரே ஒரு பந்து போடுங்க டீச்சர், பொறவு கழத்துறேன்” என்றாள். பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வராந்தா பல்பு வெளிச்சத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஒரு பந்து போட்டேன். அடித்தாள் பாருங்கள், பந்து மதிலைத் தாண்டி அடுத்த விளைக் கிணற்றில் போய் விழுந்தது. மறுநாள் பாதாளக்கரண்டி போட்டு எடுத்தோம். தண்ணீர் குடித்து இட்டலி மாதிரி ஊதியிருந்தது.

அதனால்தான் கேட்கிறேன்: கிரவுண்ட் யாருக்கு, எத்தனை மணிக்கு?

நம் மாவட்டத்தில் இது இன்னும் சிக்கல். தென்மேற்குப் பருவமழையும் நமக்குத்தான், வடகிழக்கும் நமக்குத்தான். பூமி பச்சையாக இருக்கும், சந்தோஷம். ஆனால் மைதானம் காய்ந்து கிடக்கிற நாள் குறைவு, குறைகிற நாளெல்லாம் பெண்பிள்ளைகள் கணக்கில்தான் கழியும்.

லீட்ஸுக்குத் திரும்புகிறேன். பெயர் மாறுவதற்கு முந்தின வருடம், 2025-ல், கோப்பையை வாங்கியது பெண்கள் அணிதான். ஆண்கள் அணி அதுவரை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. ஐ.பி.எல். ஆடுகிற ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூருவிலும் இதே கதை: பெண்களுக்கு 2024-ல் கோப்பை, பதினெட்டு சீசன் ஆடிய ஆண்களுக்கு 2025-ல். ஹண்ட்ரடில் பரிசுத்தொகை இரண்டு பேருக்கும் சமம். சம்பளம் சமமில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு விலைபோயின. மும்பை, பெங்களூரு, டெல்லி, குஜராத், உத்தரப்பிரதேசம். சென்னை இல்லை. லீட்ஸில் பெண்கள் அணியை வாங்கக் காசு இருக்கிற ஊருக்குத் தன் பெயரில் ஒன்று இல்லை! டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக், 2016-லிருந்து நடக்கிறது, எட்டு அணிகள். நமக்குப் பக்கத்தில் நெல்லை. கன்னியாகுமரி என்ற பெயரில் நாளைக்கு ஒரு அணி வந்தால், வரட்டுமே, முதல் நாளே இரண்டு அணியாக வரட்டும். பையன்களுக்கு முதலில், பெண்பிள்ளைகளுக்குப் பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் “பிறகு” ஐந்து மணிக்குத்தான் வரும். பாயும் சுருட்டியாகிவிடும்.

கண்ணாடிக்கு அப்பால், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். ஐயோ, பெற்றோருக்கு என்று ஒரு பக்கம் எழுதி வந்தேனே. அணித் தேர்வுக்கு எப்படித் தயாராவது, கடையில் எதைக் கேட்டு வாங்குவது... சரி, அவசரத்துக்கு இரண்டு மட்டும். மகளுக்குப் பந்து வாங்கும்போது பெண்கள் பந்து என்று கேட்டு வாங்குங்கள். ஆண்கள் பந்து 156 கிராமுக்குக் குறையாது, பெண்கள் பந்து 151 கிராமுக்கு மேல் போகாது. அண்ணனின் பழைய பேடை அவளுக்குக் கட்டிவிடாதீர்கள், ஓடமுடியாது.

ஒரு விரல் ஆகிவிட்டது. கயிற்றுப் பாய் வைத்திருக்கிற பள்ளிக்கூடத்துக்காரர்களே, மழை நனைந்த பாயை அப்படியே சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்துவிடும். ஒரு வெயில் காயவையுங்கள். வணக்கம்.